எல் போர்டுக்கு வெட்கம் எதற்கு?

கேள்வி: ‘அனுபவம் இருந்தால்தான் வேலை’ என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?
— பொறியியல் பட்டதாரி, நாமக்கல்

நியாயமான கோபம். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் எது முடித்திருந்தாலும் உதவித்தொகையோடு வேலை பழகலாம். தொகை குறைவு என்று ஒதுக்காதீர்கள். அடுத்த இன்டர்வியூவில் ‘என்ன செய்திருக்கிறாய்?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். முதலாளிகளிடம் ஒரு வார்த்தை: எல்லோருமே பழகின ஆளைத்தான் கேட்பீர்கள் என்றால், பழக்கிவிடுவது யார்?

கேள்வி: புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறேன். ‘இதுகூடத் தெரியாதா?’ என்பார்களோ என்று சந்தேகம் கேட்கவே பயம்.
— இளைஞர், ஓசூர்

இப்போதே கேட்டுவிடுங்கள் தம்பி. ஒரு வருஷம் போனபின் அதே கேள்வியைக் கேட்கத்தான் வாய் வராது. ‘வரவில்லை’ என்று போய் நிற்காமல், ‘இப்படிச் செய்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டது’ என்று சொல்லுங்கள். கிடைத்த பதிலை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் யாருக்கும் சலிப்பதில்லை. ஒரே சந்தேகம்தான் சலிக்கும்.

கேள்வி: ஐம்பது வயதில் கார் ஓட்டப் பழகுகிறேன். எல் போர்டு மாட்டிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, திருச்சி

எதற்கம்மா வெட்கம்? வெள்ளையில் பளிச்சென்று தெரியும் அந்தச் சிவப்பு எழுத்து, ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று பின்னால் வருபவரிடம் உங்களுக்காகப் பேசுகிறது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆனபிறகுதான் டெஸ்ட். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பழகுகிறவருக்கு அவகாசம், துணை, அறிவிப்பு மூன்றும் வேண்டும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆபீசில் முதல் நாள் உட்காரும் பையனுக்கும், புகுந்த வீட்டில் முதல் சமையல் செய்யும் பெண்ணுக்கும் இதற்கெல்லாம் சட்டம் கிடையாது. நாமாகத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ஊசியோடு வந்தாலே நடுங்குகிறேன். சரியா?
— வாசகர், மதுரை

பயம் இயற்கை. ஆனால் நாலரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்தவர், அடுத்த ஒரு வருஷப் பயிற்சியில்தான் கை பழகுகிறார். அவரைக் கவனியுங்கள். கையில் கட்டை இறுக்கிவிட்டு, விரல் நுனியால் நரம்பைத் தடவித் தேடுவார். கிடைக்கவில்லை என்றால் மறுபடி மறுபடி குத்தாமல், ‘சிஸ்டர், கொஞ்சம் வாங்க’ என்று குரல் கொடுக்கிறாரா? பல வருஷம் வார்டில் நின்ற அந்த சிஸ்டர் வந்து ஊசியின் சாய்வைத் திருத்திக் காட்டுவார். அப்படிக் கூப்பிடத் தெரிந்தவரிடம் தாராளமாகக் கையை நீட்டலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிறவரிடம்தான் ஆபத்து, அவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும்.

கேள்வி: புதியவர் செய்த தப்புக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?
— சூப்பர்வைசர், கோவை

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து முதன்முதலாகக் கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட், வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வென்றபோது, ‘நீங்கள் பேசுங்கள்’ என்று கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லி வந்தார். தப்பை அறைக்குள் வைத்துத் திருத்துங்கள். வெளியே நீங்கள் நில்லுங்கள். அந்தப் பையன் உங்களை ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

கேள்வி: அனுபவம் இல்லாதவரிடம் அனுபவசாலி கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
— ஓய்வு பெற்றவர், தென்காசி

‘இதை ஏன் சார் இப்படிச் செய்கிறோம்?’ என்று கேட்பது அவர் மட்டும்தான். உங்கள் பதில் ‘எப்பவும் இப்படித்தான்’ என்று வந்தால், அன்றைக்கு நீங்கள்தான் பாடம் படிக்க வேண்டியவர்.