சுட்டவள் விழுக்காடு: தீபாவளிப் பலகாரத் தட்டின் சுற்றுப்பாதை குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தீபாவளிப் பலகாரம் தின்பதற்காகச் செய்யப்படுகிறது என்றொரு கருத்து நம்மிடையே வெகுகாலமாக இருந்துவருகிறது. இது தவறு. திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், மாடிப்படியைப் பார்த்த ஜன்னலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினோரு தீபாவளிகளாக நான் திரட்டிய தரவுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. பலகாரம் கொடுத்தனுப்புவதற்காகவே செய்யப்படுகிறது. நடுவில் யாராவது தின்றுவிட்டால் அது சேதாரக் கணக்கில் சேரும்.

ஆய்வுக் களம் பன்னிரண்டு வீடுகள். முதன்மைத் தகவலாளி என் மனைவி. அவர் கேள்விக்குப் பதில் சொன்னதைவிட என்னைக் கேள்வி கேட்டதே அதிகம் என்பதை ஆய்வின் வரம்பாகக் குறித்துக்கொள்ளவும். எந்த நிறுவனமும் நிதி தரவில்லை. எவர்சில்வர் தூக்கு ஒன்று கைவிட்டுப் போனதுதான் மிச்சம். அதைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன்.

முன்னோர் சொன்னவை

இத்துறையில் முதல் அடி எடுத்து வைத்தவர் மாலினோவ்ஸ்கி. நியூகினிக்குப் பக்கத்திலுள்ள திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள ‘குலா’ என்னும் வழக்கத்தைப் பற்றி 1922இல் பெரிய புத்தகம் போட்டார். சிவப்புச் சிப்பி மாலைகள் வலஞ்சுழியாகவும் வெள்ளைச் சிப்பி வளையங்கள் இடஞ்சுழியாகவும் தீவு தீவாகச் சுற்றி வருமாம். கைக்கு வந்ததை ரொம்ப நாள் பிடித்து வைத்துக்கொள்பவன் பெயர் கெட்டுப்போகுமாம். அடுத்து பிரான்சில் மார்செல் மோஸ் 1925இல், கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்று மூன்று கடமைகளை வகுத்தார். இருவரையும் படிக்காத என் அம்மா இதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “வெறும் தட்டாத் திருப்பிக் குடுக்காதடா.”

எங்கள் குடியிருப்பிலும் இரண்டு திசைப் போக்குவரத்து உண்டு. முறுக்கு மேலிருந்து கீழே வருகிறது. அதிரசம் கீழிருந்து மேலே போகிறது. மாலினோவ்ஸ்கியானால் இதற்குப் பின்னால் ஏதேனும் மந்திரச் சடங்கைத் தேடியிருப்பார். விஷயம் வேறொன்றுமில்லை, அதிரசம் சுடத் தெரிந்த இரண்டு பேரும் தரைத்தளத்தில் இருக்கிறார்கள்.

அதிரசமும் அதன் குற்றவாளிகளும்

அதிரசத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்ற பலகாரங்கள் செய்யப்படுகின்றன, அதிரசம் மட்டும்தான் ‘அமைகிறது’. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடுகிற ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். காய்ச்சிய வெல்லப் பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று திரள வேண்டும். இதைத் தக்காளிப் பதம் என்பார்கள். மாவைக் கொட்டிக் கிளறி, ஏலமும் சுக்கும் சேர்த்து, பானை வாயைத் துணியால் கட்டி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, அதன்பின் வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட வேண்டும். வெந்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் வடியும். பாகு இளகலாக இருந்தால் சட்டியிலேயே பிரிந்துபோகும். முற்றியிருந்தால், தின்கிறவர் பல்லுக்குத்தான் வேலை.

இத்தனை இடத்தில் தவற வாய்ப்புள்ள ஒரு பண்டம் தவறும்போது யார் பொறுப்பு என்பது ஆய்வின் துணைக் கேள்வி. தரைத்தளத்து அக்காவிடம் கேட்டேன். “வெல்லத்தைக் கேளுங்க தம்பி. போன வருஷம் வாங்கின கடையிலதான் இந்த வருஷமும் வாங்கினேன். அவன் வெல்லத்தை மாத்திட்டான். நான் பாகை மாத்தல.” பதினோரு ஆண்டுத் தரவையும் வைத்துப் பார்த்தேன். வெல்லம், புது அரிசி, மழை ஈரம், மாவு மில்லில் முன்னால் அரைத்தவர் விட்டுப்போன மிளகாய்த்தூள் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. சுட்டவர் கைதான் தவறியது என்று ஒரு பதிவுகூட இல்லை. இரண்டு பதிவுகளில் காரணம், “சட்டிகிட்ட வந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களே, அதான்” என்று இருக்கிறது. ஆய்வாளர் களத்தைப் பாதிக்கக் கூடாது என்ற விதியின் அருமை அன்று விளங்கியது.

மைசூர் பாகின் நிலை வேறு. மைசூர் அரண்மனைச் சமையலறையில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், காகாசுர மாதப்பா என்பவர் கையில் பிறந்ததாகச் சொல்வார்கள். அரண்மனையில் பிறந்த செருக்கு அதற்கு இன்றும் உண்டு. கொதிக்கிற நெய்யைக் கரண்டி கரண்டியாக விடும்போது பொங்கி நுரைத்து, உள்ளே கண் கண்ணாகத் துளை விழும். தட்டில் கொட்டியபின் நடுவில் சூடு அடைந்து நிற்பதால் அங்கே மட்டும் செம்பழுப்பாகும். ஒரு நிமிடம் முந்தி இறக்கினால் அது அல்வாவும் இல்லை, பாகும் இல்லை. அப்போது அதற்கு ‘கடலைமாவு பர்பி’ என்று பெயர் சூட்டி, முதலிலிருந்தே அதைத்தான் செய்ய நினைத்ததாக அறிவிப்பது மரபு.

சோன்பப்டி பற்றி ஊரில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டதால் இங்கே விடப்படுகிறது.

விழுக்காடு

இனி மையக் கண்டுபிடிப்பு. திருமலைக் கோயிலின் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி என்று பலகாரங்கள் கணக்காக வருகின்றன. இன்ன நாளில் இன்ன படையல் நடக்க வேண்டும் என்று பொன்னோ நிலமோ ஒருவர் எழுதிவைத்தால், படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு அவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு பாருங்கள். செலவு செய்தவனுக்கு முழுசாகக் கால் பங்கு, கல்லில் வெட்டிய உத்தரவாதத்தோடு.

இதை அளவுகோலாக வைத்து எங்கள் அடுக்களையை ஆராய்ந்தேன். சுட்டு எடுத்த முறுக்கு செய்தித்தாளில் ஆறும்போதே பிரிவினை தொடங்கிவிடுகிறது. சுற்று குலையாதது பெரிய டப்பாவுக்குப் போகும். நுனி ஒடிந்தது சின்ன டப்பாவுக்கு. உடைந்தது, கருகியது, அச்சில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிழிந்ததால் உருவம் தெரியாதது எல்லாம் ஒரு கிண்ணத்துக்கு. பெரிய டப்பா வெளியுறவுத் துறை. சின்ன டப்பா வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு. கிண்ணம் எங்களுக்கு. தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்கு இந்த வீட்டில் முழு முறுக்கைப் பார்க்க வேண்டுமானால், அது மூன்றாம் மாடியிலிருந்து வந்த தட்டில்தான் இருக்கும். மூன்றாம் மாடியிலும் எங்கள் முறுக்கைத்தான் முழுசாகத் தின்கிறார்கள். ஆக, ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் திறமையையும் தன் வீட்டின் தோல்விகளையும் தின்று தீபாவளி கொண்டாடுகிறது.

நான்கு நாள் அடுப்படியில் நின்றவருக்குக் கிடைக்கும் இந்தக் கிண்ணப் பங்குக்குக் கல்வெட்டு மரபை ஒட்டி ‘சுட்டவள் விழுக்காடு’ என்று பெயரிடுகிறேன். ‘சுட்டவர்’ என்று பொதுப்பாலில் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். தரவு இடம் தரவில்லை.

கோட்பாட்டோடு நிற்காமல் போன தீபாவளிக்கு ஒரு சீர்திருத்தமும் செய்து பார்த்தேன். தரைத்தளத்திலிருந்து வந்த தட்டில் விளிம்பு முறுவலாக, நடுவில் மெத்தென்று, பொன்னிறமாக ஓர் அதிரசம் இருந்தது. அதைத் தனியாக எடுத்து மூடிவைத்து, “இது உனக்குத்தான், யாருக்கும் குடுக்காதே” என்று முதன்மைத் தகவலாளியிடம் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் காலி. “மூணாம் மாடித் தட்டுல இனிப்பு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுங்க. ஒத்தைப்படையா எப்படிக் குடுக்கறது?” கால் பங்கை எழுதிவைக்கக் கல் மட்டும் இருந்து பயனில்லை.

கடன், தவணை, விலக்கு

தட்டை எடுத்துப்போகும் தூதர்கள் ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். வெடிக்குக் கிளம்பும் வழியில் கொடுத்துவிட்டுப் போவார்கள். புறப்படும் தட்டிலும் போய்ச் சேரும் தட்டிலும் மிக்சர் ஒரே அளவில்தான் இருக்கும், முந்திரி மட்டும் இருக்காது. இதைப் படிக்கட்டுத் தேய்மானம் என்று தள்ளுபடி செய்துவிடலாம்.

பெறும் வீட்டில் அன்றைக்குள் பலகாரம் தயாராகவில்லை என்றால் தட்டில் ஒரு கைப்பிடி சர்க்கரை வைத்துத் தருவார்கள். இது பலகாரமல்ல, கடன் பத்திரம். “பாக்கி இருக்கிறது, ரெண்டு நாளில் வரும்” என்று அதற்குப் பொருள். எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் அப்படி வந்து சேர்ந்து, இன்னும் தீர்க்கப்படாத பத்திரங்கள் சில உண்டு. காப்பியில் போட்டுக் குடித்துவிட்டோம்.

நீண்ட தவணையும் உண்டு. முதல் மாடி பாய் வீட்டுக்குப் போகும் முறுக்கு ரம்ஜானுக்குப் பிரியாணியாகத் திரும்பும். இஸ்லாமிய ஆண்டு ஏறக்குறைய பதினோரு நாள் குறைவு என்பதால் தவணைக் காலம் ஆண்டுக்காண்டு நகர்கிறது. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில் தீபாவளியும் ரம்ஜானும் ஒரு வார இடைவெளிக்குள்ளேயே வந்தன. மேலே போன தட்டு கீழே வருவதற்குள் கீழே இருந்த தட்டு மேலே கிளம்பியதாகவும், கடைசியில் மாடிப்படி நடுவிலேயே நின்று மாற்றிக்கொண்டதாகவும் பாய் வீட்டு அம்மா சொல்கிறார். இப்போது ரம்ஜான் மார்ச் பக்கம் வருவதால், ஐப்பசியில் கொடுத்த நான்கு முறுக்குக்குப் பங்குனியில் ஒரு தூக்கு பிரியாணி. இந்தச் செலாவணியில் எங்கள் பக்கம்தான் லாபம் என்பதை ஆய்வு நேர்மை கருதி ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா விதிகளும் தள்ளி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எதிர்வீட்டுப் பெரியவர் தவறிய பின் வந்த தீபாவளிக்கு, பதினோரு வீட்டுத் தட்டும் அந்த ஒரு வாசலுக்குப் போயின. எல்லாவற்றிலும் பெரிய டப்பாச் சரக்கு. அந்த அம்மா ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து, வெறும் தட்டாகவே திருப்பிக் கொடுத்தார். யாரும் சர்க்கரையை எதிர்பார்க்கவில்லை. என் நோட்டில் அந்த வருஷத்து வரவுப் பத்தியில் எதிர்வீட்டுக்கு நேரே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பாத்திரக் கல்வெட்டியல்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்ததையும், தன் அக்காள் கொடுத்ததையும், தன் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். பொன் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுத்து எழுதப்பட்டன. அந்த மரபு அறுந்துவிட்டது என்று நினைப்பவர்கள் எந்தப் பாத்திரக்கடையிலாவது பேர் வெட்டுகிறவர் பக்கத்தில் கால் மணி நேரம் நிற்கட்டும். தலைப்பெழுத்து, தேதி, காதணி விழாவா புதுமனையா என்ற விவரம் எல்லாம் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக ஏறும். தட்டு எந்த வீட்டுப் பரணில் எத்தனை வருஷம் கிடந்தாலும் யாருடையது என்று சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் டப்பா வந்தபின் இந்தச் சான்றாதாரம் குறைந்துவருவது ஆய்வாளர்களுக்குக் கவலை தருகிறது. டப்பா திரும்புவதே இல்லை.

ஆனால் பேர் வெட்டியதும் திரும்பாமல் போவதுண்டு. 2019 தீபாவளிக்கு ரிப்பன் பக்கோடாவோடு மூன்றாம் மாடிக்குப் போன எங்கள் தூக்கு, அங்கிருந்து ஓமப்பொடியோடு தரைத்தளத்துக்குப் போனது வரை உறுதியாகத் தெரிகிறது. அதற்குப் பின் சுவடு இல்லை. இந்த ஆய்வை நான் தொடர்ந்து நடத்துவதற்கு அறிவு வேட்கை மட்டுமே காரணமல்ல என்று முதன்மைத் தகவலாளி சொல்வதை மறுக்க முடியவில்லை.

எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு படி கொள்ளும் தூக்கு, கைப்பிடிக்குக் கீழே சிறு நசுங்கல். வயிற்றில் ‘அன்பளிப்’ என்று மட்டும் இருக்கும். பேர் வெட்டும்போது மின்சாரம் போய்விட்டது. யார் வீட்டிலாவது தென்பட்டால் தெரிவிக்கவும். சர்க்கரைகூட வைக்க வேண்டாம், வெறும் தூக்காகத் தந்தால் போதும். மூடி எங்களிடம்தான் இருக்கிறது.