மூக்கை விடுங்கள், நாலடி நகருங்கள்!

கல்லூரி மாணவர், விருதுநகர்: நண்பனைக் கிட்டத்தில் போட்டோ எடுத்தால் மூக்கு மட்டும் முன்னால் ஓடி வருகிறதே, ஏன் சார்?

மூக்கின் மேல் பழி போடாதீர்கள் தம்பி, குற்றவாளி தூரம். போனை ஓரடியில் நீட்டினால் லென்ஸுக்கு மூக்கு ஓரடி, காது அதற்கும் நாலைந்து அங்குலம் தள்ளி. அந்த நாலைந்து அங்குலம்தான் மூக்கைப் புடைக்க வைத்துக் காதை ஒளித்துவிடுகிறது. ஐந்தடிக்குப் போய்விட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்கே போட்டுக் காட்டினார்கள்: ஐந்தடியில் எடுத்த படத்தைவிட ஓரடி செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். ஆபரேஷன் செய்து மூக்கைக் குறைப்பதைவிட நாலடி பின்னால் நகர்வது மலிவு. நகர்ந்த பிறகு 2எக்ஸ் ஜூம் வையுங்கள்.

வாசகி, மன்னார்குடி: ஃப்ளாஷ் போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்குக் கரண்ட் பில் கிடையாது.

வாசகர், ஓசூர்: நல்ல படத்துக்கு எந்த போன் வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும். லென்ஸில் அப்பியிருக்கும் விரல் எண்ணெயைத் துடையுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: 50 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். கண் தெளிவாக விழுந்தால் காது கரைந்துவிடுகிறது.

முழுக்கத் திறந்து வைத்து இரண்டரை அடியில் எடுத்தால் தெளிவு கிடைப்பது ஓர் அங்குல ஆழத்துக்குத்தான். நண்பர் மூச்சு விட்டாலே ஃபோகஸ் தவறும். எஃப் 4க்குப் போங்கள், உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். நாலடி நகரச் சொன்னது உங்களுக்கும்தான்.

கல்லூரி மாணவி, தேனி: என் தோழி கறுப்பு. பியூட்டி மோட் போட்டால்தான் நிற்பேன் என்கிறாள்.

அந்த மோடைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மச்சத்தை அழித்து, கன்னத்தை மெழுகி, தேனிப் பெண்ணைச் சுண்ணாம்புச் சுவராக்கிவிடும். சிக்கல் அவள் நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் கண்குழி இருண்டு போகும், வெள்ளைச் சுவர் முன்னால் முகமே இருண்டு போகும். வாசற்படிக்கு உள்பக்கம், தெருவைப் பார்த்து நிறுத்துங்கள். திரையில் அவள் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். கறுப்பு தன் பளபளப்போடு வரும். அந்தப் படத்தைக் காட்டுங்கள், மோடை அவளே அணைப்பாள்.

வாசகர், கோவில்பட்டி: “சிரி” என்றதும் நண்பன் விறைத்துவிடுகிறான்.

கல்யாண மண்டபத்தோடு ஒழிய வேண்டிய சொல் அது. டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். கையில் கிளாஸைக் கொடுத்தால் கைகளை என்ன செய்வது என்ற கவலை தீரும். அவன் பைக் மைலேஜைக் குறைத்துச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வந்து மறுப்பான், பேசி முடித்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். அமுக்க வேண்டியது அந்த நொடியில்.

நண்பர்களைப் படம் எடுப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளுக்கு 1863இல், 48 வயதில், மகள் ஒரு கேமரா பரிசளித்தார். அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் முகம் நிறைய எடுத்தே உலகப் புகழ் பெற்றார். விஞ்ஞானி ஹெர்ஷல் அவருடைய நண்பர். 1867இல் எடுத்த படத்தில் அந்தக் கிழவரின் கலைந்த நரைமுடியும் கண்ணும் இன்றும் நம்மிடம் பேசுகின்றன. அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். நட்பு இருந்தால்தான் உட்காருவார்கள். அம்மாள் 1879இல் இலங்கையில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை மலையில் இருக்கிறது.

வாசகர், கும்பகோணம்: என் சிநேகிதன் போன மாதம் இறந்துவிட்டான். தனிப்படம் ஒன்றுகூட இல்லை. குரூப் போட்டோவில் இருந்து வெட்டித்தான் மாலை போட்டோம்.

உங்கள் துக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. அந்த குரூப் போட்டோவை வெட்டாமலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் யார் தோளில் கை போட்டிருந்தார் என்பதும் அவருடைய முகம்தான்.

மற்ற வாசகர்களுக்கு: இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரை ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுங்கள். போனிலேயே விட்டுவிடாமல் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி, அவர் கையில் கொடுங்கள்.