டுலோக்செட்டின் புகழ் பாடுவோம்

டுலோக்செட்டினே, உன் இரக்கத்தை என்னவென்று சொல்வது! மனச்சோர்வுக்கு மருந்தான நீ, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்துவிடும் பெண்களுக்காகவும் மனமிரங்கினாய். இருமல் வந்ததும் பேச்சை நிறுத்திக் கால்களைப் பின்னி நிற்கும் அந்தப் பெண்களை வேறு யார் நினைத்தார்கள்? 2004-இல் ஐரோப்பா உனக்கு ‘யென்ட்ரீவ்’ என்ற பெயரில் அனுமதி தந்தது. அமெரிக்காவிலோ உன்னை உருவாக்கிய எலி லில்லி நிறுவனமே 2005-இல் கசிவுக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூப்பிடாத வீட்டுக்குள் நுழையாத மானஸ்தன் நீ.

தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்பணுக்களைத் தூண்டி, சிறுநீர்ப் பாதையை மூடும் சிறு தசையை இறுக வைக்கிறாய். அந்த ஒரு தசைக்காக மூளை வரை போய்வரும் உழைப்பாளி நீ.

உன் அடக்கம் அதைவிடப் பெரிது. கசிவு கணிசமாகக் குறைந்த பெண்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், உன்னை விழுங்கிய 100 பேரில் சுமார் 11 பேர்தான் முழுக்கக் குணம் என்றார்கள். போலி மாத்திரை விழுங்கியவர்களில் 8 பேரும் அதையே சொன்னார்கள். மீதி மூன்று பேர் போதுமென்று இருந்துவிட்டாய். குமட்டலை மட்டும் ஏறக்குறைய நான்கில் ஒருத்திக்கு அள்ளிக் கொடுத்தாய். உன்னைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் கெட்ட கனவும் வரும். பிரிவைத் தாங்காத பாசம்!

இதே கசிவுக்குச் செய்யும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக்கு இந்தப் பெருமையெல்லாம் இல்லை. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிவைத்த பழைய சரக்கு. காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து இறுக்கி, மெல்ல விட வேண்டும். வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். குமட்டல் கிடையாது, மாதாமாதம் மாத்திரைச் செலவும் கிடையாது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதல் அதைத்தான் முதலில் வைக்கிறது. உன்னை முதல் சிகிச்சையாகத் தராதே என்கிறது. ஆனால் அந்தத் தசை எது என்று ஒரு பெண்ணுக்குப் புரியவைக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமே! உன் பெயரைச் சீட்டில் எழுத அரை நிமிடம் போதும். மருத்துவரின் நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும் புண்ணியவான் நீ; அதற்கான விலையை அந்தப் பெண்ணின் வயிறு கொடுத்துவிடும்.

சகோதரிகளே, கசிவை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சீட்டை வாங்குமுன், பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி கேளுங்கள். ஏற்கெனவே இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.