ஸ்பானா அண்ணன்

காப்பாரில் தாமானுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். வரிசை வீட்டின் கேட்டைத் திறந்தால், காடி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். சீட்டும் ஹேண்டிலும் தரையில், சக்கரம் இரண்டும் மேலே. காடி வெளியே தெருவோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். சைக்கிளைச் சுற்றி ஒரு மைலோ டின், ஒரு பிஸ்கட் டின், மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய ஐஸ்கிரீம் டப்பா. நடுவில் குந்தியிருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் ஸ்பானா அண்ணன்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் காடி இருக்கிறது, மகனுக்கு மோட்டார் இருக்கிறது; ஆனாலும் வேலைக்குப் போவது சைக்கிளில்தான். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் பெட்ரோல் விலை என்பார், இன்னொரு நாள் இனிப்பு நீருக்கு டாக்டர் சொன்னார் என்பார். இரண்டும் காரணமில்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் ஓட்டினால்தானே ஏழாம் நாள் கழற்றுவதற்கு ஏதாவது சேரும்.

சேர்வதற்குக் குறைவில்லை. கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்குப் போகும் அந்த ஐந்தாம் நம்பர் கூட்டரசுச் சாலையில் துறைமுகத்து லோரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. லோரி டயர் வெடித்தால் ரப்பர் மட்டும் சிதறுவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகளும் உதிர்ந்து சாலையோரத்தில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, சைக்கிள் டயருக்குத் தெரியும். ஸ்பானா அண்ணன் தன் டயரில் பிடுங்கிய கம்பிகளை ஒரு தைல போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆல்பம் காட்டுகிற மாதிரி அதைக் காட்டுவார்.

பஞ்சர் ஒட்டும் படலம் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதலில் டியூபை அமுக்கிக் குமிழி பார்க்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் பேசின் வேண்டும். வீட்டில் நாலு பேசின் இருந்தாலும் அவர் கைக்கு வருவது புளி கரைக்கிற பேசின் ஒன்றுதான்.

"என்னங்க, அதுலதானே ரசத்துக்குக் கரைக்கணும்?"

"ரெண்டே நிமிஷம்மா."

ஸ்பானா அண்ணனின் ரெண்டு நிமிஷத்துக்குள் ரசம் வைத்து, இறக்கி, பரிமாறி, பாத்திரம் கழுவிவிடலாம். ஆனால் பஞ்சர் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டையைக் கண்டுபிடித்து உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, காத்திருப்பார். தேத்தண்ணி தாமதமானால் தெரு கேட்கக் கத்துகிற மனிதர், சொலுஷன் காய்கிற வரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஈரத்தோடு ஒட்டினால் செவ்வாய்க்கிழமை பிய்த்துக்கொண்டு வரும் என்பது அவர் வேதம். ஒட்டி முடித்ததும் டயரின் உள்பக்கம் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுவார். விரலில் ரத்தம் வந்தால் முகம் மலரும். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

சறுக்குவது அதற்குப் பிறகுதான். டயரைத் திரும்ப ரிம்முக்குள் ஏற்றுவதற்கு டயர் லீவர் என்று ஒரு சாமான் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஸ்பானா அண்ணன் வாங்கமாட்டார். வீட்டில் கரண்டி இருக்கிறதே! எவர்சில்வர் கரண்டிக் காம்பை விட்டு நெம்பும்போது உள்ளே டியூப் நசுங்கும். ஒரு பஞ்சர் ஒட்டி முடிய, இரட்டைப் பிள்ளையாக இன்னும் இரண்டு பஞ்சர் பிறந்திருக்கும். மறுபடியும் பேசின். தீபாவளிக்கு அந்த வீட்டில் பாயசம் குடித்தவர்களுக்குத் தெரியும், நேராக இருக்கிற கரண்டி அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

கடையில் கொடுத்தால் என்ன என்று யாராவது வாயைத் திறந்தால் ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டும். "காத்து டயரைக் கொண்டு வந்த டன்லப் யாரு? மெக்கானிக்கா? மாட்டு டாக்டர்யா!" உண்மைதான். பெல்ஃபாஸ்டில் கால்நடை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டி கடகடவென்று ஆடுகிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் காப்புரிமை வாங்கினார். உலகத்தை மாற்றிய டயரே வீட்டு வாசலில் நடந்த ரிப்பேர்தான் என்பது ஸ்பானா அண்ணனின் வாதம். அதோடு நிற்கமாட்டார். காற்று டயர் வந்ததால் ரப்பர் வேண்டியிருந்தது, ரப்பருக்காகத் தோட்டம் போட்டார்கள், தோட்டத்துக்காக நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆக, நாம் எல்லாரும் காப்பாரில் இருப்பதற்கு ஒரு சின்னப் பையனின் மூன்று சக்கர வண்டிதான் காரணம் என்று முடிப்பார். ரப்பருக்கு உண்மையான கிராக்கி மோட்டார் காடியால் வந்தது என்று எதிர்வீட்டு ஆசிரியர் ஒருமுறை திருத்தப் பார்த்தார். "காடிக்கு முன்னால சைக்கிளு" என்று ஒரே வரியில் அவரை உட்கார வைத்துவிட்டார்.

எந்த வாதமும் செல்லாத இடம் இடது பெடல். சைக்கிளில் வலது பெடலின் மரை எல்லா மரையையும் போலத்தான். இடது பெடலுக்கு மட்டும் எதிர் மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வெட்டியிருக்கிறார்கள். மற்ற நட்டைக் கழற்றுகிற திசையில் அதைத் திருப்பினால் இறுகும். ஸ்பானா அண்ணனுக்கு இது தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லியும் கொடுப்பார். ஆனால் சைக்கிள் தலைகீழாக நிற்கும்போது இடது எது, வலது எது? யோசிப்பதற்குள் கை வேலையைத் தொடங்கிவிடும். பதினைந்தாம் நம்பர் ஸ்பானாவை மாட்டி, அது போதாமல் ஒரு பைப்பைச் சொருகி, அதுவும் போதாமல் மகனைக் கூப்பிட்டு ஏறி நிற்கச் சொல்வார். அப்பனும் மகனும் முக்கி முனகி இறுக்கிய பெடலைக் கழற்ற உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் பெரிய சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே.

அங்கே போவது இருட்டிய பிறகு. தவுக்கே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பெடலை ஒரு பார்வை, ஆளை ஒரு பார்வை பார்ப்பார். "சியாப்பா புவாட்?" என்பார். யார் பார்த்த வேலை இது?

"ஜிரான்" என்பார் ஸ்பானா அண்ணன். பக்கத்து வீட்டுக்காரன்.

சிலாங்கூரிலேயே மோசமான பக்கத்து வீடு வாய்த்த மனிதர் என்று தவுக்கேவுக்கு இவர்மேல் நெடுநாளாக ஓர் இரக்கம் உண்டு. கூலியில் ஒரு வெள்ளி குறைத்துக்கொள்வார்.

செயினுக்கு எண்ணெய் போட்ட கதை தனி. சுற்றிலும் செம்பனை, எண்ணெய்க்கு எதற்குக் கடைக்குப் போய்க் காசு கொடுப்பது என்று ஒருமுறை அடுப்படியிலிருந்து பொட்டல எண்ணெயை எடுத்துச் செயினுக்கு ஊற்றினார். இரண்டு நாள் சைக்கிள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த வாரம் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகித் தூசியும் மண்ணும் அப்பி, செயின் கறுப்புக் களியாகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். தேய்த்தது பழைய பல்துலக்கி என்பது அவர் கட்சி. மகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் சமையல் எண்ணெயைச் செயினில் ஊற்றுகிறவர்களைக் கண்டால் ஸ்பானா அண்ணனுக்கு ஆகாது. கள்ளை விட்டவன் கள்ளுக்கடையைத் திட்டுகிற வேகத்தோடு திட்டுவார்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. செயினின் பின்களுக்கு நடுவே அரை அங்குலம். இருபத்துநாலு இடைவெளி எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். மகளின் பள்ளி ரூலரை எடுத்துப் பார்ப்பார். ரூலர் பன்னிரண்டு அங்குலத்தோடு முடிந்துவிடும். தேவைப்படுகிற அந்த அரைக்கால் அங்குலம் ரூலருக்கு வெளியே இருக்கும். "ரூலர் முடியுற இடத்துலதான் அனுபவம் ஆரம்பிக்குது" என்று ஒரு கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பில் எந்தச் செயினும் தேய்ந்ததில்லை. மகளின் கணக்கு நோட்டில் முக்கோணங்களெல்லாம் கிரீஸ் வாசனை அடிக்கும்.

பத்து மணிக்கு மேல் வாடிக்கையாளர்கள் வருவார்கள். பக்கத்துத் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் வங்காளதேசத்துப் பையன்கள், நேப்பாளத்துப் பையன்கள். காப்பார் சாலைகளில் இன்று வேலைக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். "அபாங்" என்று கூப்பிட்டுச் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள். ஸ்பானா அண்ணன் காசு வாங்கமாட்டார். மலாயும் தமிழும் கலந்து பாடம் எடுத்துக்கொண்டே கழற்றுவார். நடுவில் தேத்தண்ணி குடிக்க உள்ளே போவார். அந்த நேரத்தில் நேப்பாளத்துப் பையன் ஒருவன் சத்தமில்லாமல் ஸ்பானாவை எடுத்து, சக்கரத்தை நடுவில் நிறுத்தி, நட்டை முடுக்கி, இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான். வெளியே வந்தவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார். ஆடாமல் ஓடும். "பார்த்தியா? போலே!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். பையனும் "போலே, அபாங்" என்பான். முடியும், அண்ணே.

இவ்வளவு பாடு எதற்கு? அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். இருபது வருஷமாக ஒரே மெஷின் முன்னால் நிற்கிறார். அது எப்போது இருமும், எப்போது சூடாகும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதன் மூடியில் 'ஜாங்கான் பூக்கா' என்று ஒட்டியிருக்கிறார்கள். திறக்காதே. திறக்கிற உரிமை டெக்னீஷியனுக்கு. கைத்தொலைபேசியைத் திறந்தால் வாரண்டி போய்விடும். காடியை சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். 'ஜாங்கான் பூக்கா' ஒட்டாத ஒரே இயந்திரம் அவர் வாழ்க்கையில் சைக்கிள்தான். அதனால்தான் அதைத் தேவைக்கு மேல் திறந்துவிடுகிறார்.

இன்னொரு காரணத்தை அவர் சிரிக்காமல் சொல்வார். தாத்தா கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டச் சாலையில் தொழிலாளி சைக்கிள் ஓட்டி வரும்போது எதிரே துரை வந்தாலும் கிராணி வந்தாலும் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது என்று போன கோரிக்கைப் பட்டியலில், துரைமார் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான் படை இறங்கி, சைக்கிள் மிதித்தே தெற்கே வந்தது. ரிப்பேர் பார்க்கவென்றே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆள் வைத்திருந்தார்கள். டயர் போனால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இறங்கச் சொன்ன துரைமார் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். "எங்க தாத்தா இறங்கமாட்டேன்னு நின்ன சைக்கிளு. நான் இறங்கினா செயினுக்குத்தான் இறங்குவேன்" என்பார் ஸ்பானா அண்ணன்.

போன வருஷம் தொழிற்சாலையில் கன்வேயர் நின்றுவிட்டது. டெக்னீஷியன் வந்து மடிக்கணினியைத் திறந்து, வயர்களைச் சொருகி, தலையைச் சொறிந்தார். தூரத்தில் நின்றபடி சத்தத்தைக் கேட்டே ஸ்பானா அண்ணன் சொன்னார்: "செயின் லூஸ்." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்தில் மூடியைத் திறந்தார்கள். செயின் லூஸ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் வந்தார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஊரே சைக்கிள் வாங்கியதே, அப்போது வாங்கிய கியர் சைக்கிள். வாங்கிய பிறகு மூலையில் நின்றே காலத்தைக் கழித்தது. கேட்டுக்கு வெளியே சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார்.

"அண்ணே, கியர் விழமாட்டேங்குது. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

தொழிற்சாலையில் அவர் வாயிலிருந்து 'அண்ணே' என்று வந்து நாங்கள் கேட்டதில்லை. ஸ்பானா அண்ணன் அவசரப்படவில்லை. கையில் இருந்த நட்டை முடுக்கி முடித்தார், துணியில் கையைத் துடைத்தார், நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அதுவரை நின்றுகொண்டே இருந்தார். கியர் சைக்கிளை ஸ்பானா அண்ணன் அன்றுவரை திறந்தது கிடையாது. "போலே" என்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் காடியில் வேலைக்கு வந்தார். செவ்வாய்க்கிழமையும் காடிதான். புதன்கிழமை இருட்டிய பிறகு பெரிய சாலைக் கடையில் அந்த கியர் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே கண்ணாடியை இறக்கி, கியரை ஒரு பார்வை, இடது பெடலை ஒரு பார்வை பார்த்தார்.

"சியாப்பா புவாட்?"

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஜிரான்" என்றார்.