ராச்சாப்பாடு ஒன்பதுக்கு மேல்

லண்டனில் எட்டு வருஷமாகக் குப்பை கொட்டினாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்பதால், ஸ்பெயினுக்கு நாலு நாள் போய்வர எங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வங்கிக் கணக்கைக் கேட்டார்கள், கொடுத்தேன். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டார்கள், எடுத்தேன். (என் உடம்புக்கு யாராவது விலை போட்டது அதுதான் முதல் தடவை.) கடைசியாக, எந்தெந்த நாள் எங்கெங்கே போவீர்கள் என்று பயணத் திட்டம் கேட்டார்கள். எனக்குள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த தாசில்தார் எழுந்து உட்கார்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எக்ஸெல்லில் போட்டேன். தங்குவது செவில் நகரத்தில். இங்கிலீஷில்தான் செவில்; அந்த ஊர்க்காரர்கள் ‘செவீயா’ என்கிறார்கள். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊர் என்பதால் பிப்ரவரி கடைசியில் பயணம். முதல் நாள் கொர்தோபா, ரயிலில் முக்கால் மணி நேரம். இரண்டாம் நாள் ரோந்தா, மலைப் பாதையில் பஸ். மூன்றாம் நாள் காதிஸ், வழியில் ஹெரெஸில் இறங்கி ஷெர்ரி கிடங்கு. நாலாம் நாள் மதியம் விமானம். ஊருக்கு ஒரு நிறம், ரயிலுக்கு ஒரு நிறம் என்று கலர் வேறு அடித்திருந்தேன்.

மனைவி படித்துப் பார்த்தாள்.

“இதுல செவில்ல எப்ப இருக்கோம்?”

“ராத்திரி.”

“தூங்கறதுக்கா? அதுக்கு ரயில்லயே படுத்துக்கலாமே. ஹோட்டல் காசு மிச்சம்.”

முதலில் ஹெரெஸ் போயிற்று. ஷெர்ரி என்ற பெயரே ஹெரெஸிலிருந்து வந்ததுதான். ஆனால் நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. வாசனை பிடிக்க ஓர் ஊர் எதற்கு என்றாள். அடுத்து ரோந்தா. சுமார் 100 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் குறுக்கே 1793இல் கட்டி முடித்த கல் பாலம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அதைப் ‘புதுப் பாலம்’ என்றுதான் சொல்கிறார்கள் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். “பாலம் பாக்கப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் பஸ்ஸா? எட்டு வருஷமா லண்டன்ல இருக்கீங்க, டவர் பிரிட்ஜுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போனீங்களா?” ரோந்தா ரத்து. விசாவுக்குக் கொடுத்த தாளில் மட்டும் இன்று வரை நாங்கள் ரோந்தா போய்வந்தவர்கள்.

அவள் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னாள்: சாப்பாடு. அவள் சைவம், முட்டை, பால் பரவாயில்லை, ஆனால் நேரத்துக்கு வேண்டும். மதியம் 1 மணி, இரவு 7 மணி என்று அடித்து, எல்லா நாளுக்கும் கீழே இழுத்துவிட்டேன். மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்தது அந்தப் பத்திதான்.

போய் இறங்கிய அன்று மாலை ஏழு மணிக்குப் பசியோடு தெருவில் நிற்கிறோம். முதல் உணவகத்தில் நாற்காலிகள் மேஜை மேல் தலைகீழாக இருந்தன. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாடு என்று சைகை காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பத்து விரலையும் விரித்து ஒன்றை மட்டும் மடக்கினார். ஒன்பது.

மனைவிக்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை. செவில் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் லண்டன் நேரமோ அதற்கும் பின்னாலோதான் இருக்க வேண்டும். 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்துவிட்டது. திருப்பி வைக்கவே இல்லை. ஆக இவர்கள் ஒன்பதரைக்குச் சாப்பிடுவது சூரியக் கணக்கில் எட்டு மணிதான் என்று, நடைபாதையில் நின்று ஒரு வகுப்பே எடுத்தேன்.

“அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?”

“1975இல் செத்துட்டார்.”

“செத்தும் பட்டினி போடறாரு.”

அப்போதுதான் ஆபீஸ் நண்பர் சொன்ன ரகசியம் ஞாபகம் வந்தது. பாரில் உட்கார்ந்து ஏதாவது குடிக்க ஆர்டர் செய்தால் போதும், கூடவே ஒரு சின்னத் தட்டில் தபாஸ் என்ற கொறிக்கும் பண்டம் இலவசமாக வரும். பெருமையாக ஒரு பாருக்குள் கூட்டிப்போய் இரண்டு எலுமிச்சை சோடா சொன்னேன். சோடா வந்தது. சிரித்த முகத்தோடு காத்திருந்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. பக்கத்து மேஜைக்குத் தட்டு தட்டாகப் போகிறது, எங்களுக்கு ஆலிவ் காய்கூட வரவில்லை. மனைவி போனை எடுத்துப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “இலவசமாக் கொடுக்கறது கிரனாதாவுல. இங்க காசு.” கிரனாதா அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

மறுநாள் கொர்தோபாவில் பழிதீர்த்தேன். அங்குள்ள மசூதிப் பேராலயத்துக்குக் காலை 8:30 முதல் 9:30 வரை கட்டணம் கிடையாது, ஞாயிறு தவிர. இருட்டோடு எழுப்பி ரயிலேற்றியதற்கு மனைவி கொர்தோபா வரும்வரை என்னோடு பேசவில்லை. உள்ளே போனதும் அவளே கையைப் பிடித்து நிறுத்தினாள். 850க்கும் மேற்பட்ட தூண்கள். 8ஆம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தபோது பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தெல்லாம் தூண்களைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குத் தெருவெல்லாம் வாங்கிப் போட்ட நாற்காலி மாதிரி ஒன்றுக்கொன்று நிறம் சேரவில்லை, தலைப்பகுதி சேரவில்லை. தூண்கள் குட்டை, கூரை உயர வேண்டும். அதனால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு, சிவப்பும் வெள்ளையுமாக. நட்டநடுவில் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தேவாலயம், ரயில் பெட்டியில் நாலு பேரை நெட்டித்தள்ளி உட்கார்ந்த கனத்த மனிதரைப்போல.

பிறகு மதியச் சாப்பாடு, திட்டப்படி ஒரு மணிக்கு. அதாவது இரண்டு மணிக்கு. சல்மொரேஹோ என்பது கொர்தோபாவின் சொத்து: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் நான்கையும் அரைத்த கெட்டியான குளிர்ந்த சூப். மனைவி லண்டனிலேயே மனப்பாடம் செய்து வந்திருந்தாள்: “சின் கார்னே.” இறைச்சி இல்லாமல். பரிமாறுபவர் பரிவோடு தலையாட்டினார். சூப் வந்தது, மேலே அவித்த முட்டையும் பொடிப்பொடியாகப் பன்றித் தொடையும். கூப்பிட்டுக் காட்டினோம். “கார்னே இல்லை, ஹாமோன்” என்றார், அதில் என்ன சந்தேகம் என்பதுபோல. ஸ்பெயினில் இறைச்சி வேறு, ஹாமோன் வேறு. அன்றிலிருந்து அவள் ஆர்டர் செய்வதே சகஸ்ரநாம அர்ச்சனை மாதிரி ஆயிற்று: சின் கார்னே, சின் ஹாமோன், சின் அத்தூன், சின் பொயோ. பொயோ கோழி; அத்தூன் என்பது சூரை மீன். கேட்காமலே சாலட்டில் வந்து விழும். அந்த சூப்பை நான்தான் சாப்பிட்டேன். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தது குறித்து எனக்கு வருத்தமில்லை.

ரோந்தாவைக் கழித்ததால் செவிலுக்கு ஒரு முழு நாள் கிடைத்தது. ஹிரால்தா கோபுரம் முதலில் மசூதியின் மினாராக இருந்தது. குதிரையிலேயே மேலே போகலாம் என்பதற்காகப் படி வைக்காமல் 35 சரிவுகள் வைத்திருக்கிறார்கள். என் முழங்கால் அந்தக் காலத்துப் பொறியாளருக்கு நன்றி சொன்னது. நாலு மணிக்கு ஆற்றைத் தாண்டி திரியானாவில் பூ வேலைப்பாட்டு ஓடு வாங்குவதாகத் திட்டம். பல கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது, மத்தியான ஓய்வு.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, 1670இலிருந்து நடக்கிற எல் ரின்கொன்சீயோ என்ற பாரில் நின்றுகொண்டு கீரையும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டோம். எஸ்பினாகாஸ் கொன் கர்பான்சோஸ் என்கிறார்கள். பூண்டு, சீரகம் போட்டது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, “கூட்டு” என்றாள். தேங்காய் இல்லை என்பதைத் தவிர வேறு குற்றம் சொல்லவில்லை. பரிமாறுபவர் கணக்கைத் தாளில் எழுதவில்லை. எங்கள் முன்னால் மரப் பலகையிலேயே சாக்கட்டியால் எழுதினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண். கடைசியில் கூட்டிப் போட்டு, காசு வாங்கி, உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். என் எக்ஸெல்லை நினைத்துக்கொண்டேன்.

காதிஸில் என் முறை. பினீசியர்கள் நிறுவிய பழைய துறைமுகம், மூன்று பக்கமும் கடல். தொர்தியீத்தாஸ் என்று குட்டி இறாலை மாவில் கலந்து மெல்லிசாகப் பொரித்துத் தருகிறார்கள். மாவில் என்ன என்று விசாரித்தேன்: கோதுமையும் கடலை மாவும். “பஜ்ஜி சாப்பிடவா இவ்வளவு தூரம்?” என்றவள், தனக்கு வந்த கத்தரிக்காயைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். மெல்லிய வில்லைகளாகப் பொரித்து, மேலே கரும்புப் பாகு. இரண்டாம் தட்டு சொல்லும்போது மணி நாலு. இதற்கும் பத்தியில் இடமில்லை.

கிளம்பும் நாள் காலை. செவிலின் தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள், பிப்ரவரியில் கொத்துக்கொத்தாகப் பழம். யாரும் தொடுவதில்லை. நாகரிகம் போலும் என்று நினைத்தேன். ஹோட்டல் வாசலில் புதிதாக விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து, உரித்து, மூன்று சுளையை ஒன்றாக வாயில் போட்டேன். நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. மனைவி மிச்சத்தை வாங்கி, தோலை நகத்தால் கீறி முகர்ந்தாள். “நார்த்தங்காய் ஜாதி. உப்புல போட்டா வருஷம் தாங்கும்.”

வரவேற்பில் இருந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார். இதை யார்தான் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

“நாங்கள் தொடமாட்டோம் ஐயா. இங்கிலாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தினமும் காலையில ரொட்டியில தடவிக்கறீங்களே, மார்மலேட், அது என்னன்னு நெனச்சீங்க?”