தாங்கல, சகிக்கல, பொறுக்கல

கேள்வி: ‘இன்சஃபரபிள்’ என்றால் ‘தாங்க முடியாத’ என்று அகராதி சொல்கிறது. அலுவலகக் கடிதத்தில் ‘இன்சஃபரபிள் ஹீட்’ என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு ‘அன்பேரபிள்’ என்று மாற்றிவிட்டார். யார் சரி? (வேலூர் வாசகர்)

பதில்: இருவருமே. அகராதி உங்கள் பக்கம், பழக்கம் அவர் பக்கம். வெயிலுக்கும் வலிக்கும் ‘இன்சஃபரபிள்’ போடுவது இன்றும் பிழை ஆகாது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் மனிதர்களைக் குறிக்கவே வருகிறது. அதுவும் ஒரு குறிப்பிட்ட வகை மனிதரை. தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அலட்டுகிறவர், அடுத்தவரைப் பேசவே விடாதவர், வெற்றி பெற்றுவிட்டு அதை நாலு மாதம் பேசுகிறவர். ‘அவன் அலட்டல் தாங்கலப்பா’ என்கிறோமே, அந்த இடம்தான் இதன் சொந்த ஊர். ஹாரி பாட்டரின் மூன்றாவது நாவலில் (1999) பேராசிரியர் ஸ்நேப், வகுப்பில் எதற்கெடுத்தாலும் கை தூக்கும் ஹெர்மயனியை இந்தச் சொல்லால்தான் திட்டுவார். இளைய வாசகர் பலர் இதைக் கற்றதே அங்கேதான். வேலூர் வெயிலிடம் எத்தனையோ குணம் உண்டு, அலட்டல் கிடையாது. அதற்கு ‘அன்பேரபிள்’தான் பொருத்தம்.

கேள்வி: அப்படியானால் ‘இன்டாலரபிள்’ எதற்கு? மூன்றுமே ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. ‘அன்பேரபிள்’ என்று சொல்கிறவர் தன் நிலையைச் சொல்கிறார்: என்னால் இனி முடியாது. ‘இன்டாலரபிள்’ என்று சொல்கிறவர் தீர்ப்புச் சொல்கிறார்: இதை அனுமதிக்கவே கூடாது. முதலாவதில் வேதனை முன்னே நிற்கிறது, இரண்டாவதில் நியாயம். வீட்டு வாசலில் சாக்கடை ஓடுகிறது என்று மனு எழுதுகிறீர்களா? நாற்றம் அன்பேரபிள், ஆறு மாதமாக யாரும் வந்து பார்க்காதது இன்டாலரபிள். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பாருங்கள், மனுவுக்கே முதுகெலும்பு வந்துவிடும்.

சட்டம் இந்த வேறுபாட்டை மிகவும் மதிக்கிறது. குழந்தையை ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில், 13-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. திரும்பிப் போனால் குழந்தை ‘இன்டாலரபிள்’ நிலைக்குத் தள்ளப்படும் பெரும் ஆபத்து இருந்தால் நீதிமன்றம் அனுப்ப மறுக்கலாம். குழந்தைக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட குழந்தையிடம், அதன் சூழ்நிலையில், இதைப் பொறுத்துக்கொள் என்று சொல்லக்கூடாத நிலையாக இருக்க வேண்டும். நெதர்லாந்தில் 2002-இல் நடைமுறைக்கு வந்த கருணைக்கொலைச் சட்டமோ மற்றச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. நோயாளியின் துன்பம் தாங்க முடியாதது, தீரும் வாய்ப்பும் இல்லை என்று மருத்துவர் உறுதிபெற வேண்டும். அந்த டச்சுச் சொல்லின் நேர்ப்பொருள் ‘சுமக்க முடியாத’ என்பது. சுமப்பவர் நோயாளி, ஆகவே அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஒரு சொல்லைச் சோம்பலாகப் பயன்படுத்தக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். எங்கோ ஓரிடத்தில் அதை நம்பி ஓர் உயிரோ ஒரு குழந்தையோ காத்திருக்கிறது.

கேள்வி: மூன்று சொற்களுக்கும் வேர் என்ன? (தமிழாசிரியை, கும்பகோணம்)

பதில்: மூன்றும் சுமைதூக்கிகள், அம்மா. ‘சஃபர்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘சப்’ என்றால் கீழே, ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. சுமைக்குக் கீழே நின்று தாங்குவதே சஃபர். ‘பேர்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பிறப்பைக் குறிக்கும் ‘பர்த்’, சுமையைக் குறிக்கும் ‘பர்டன்’ எல்லாம் அதன் குடும்பம். லத்தீன் ஃபெர்ரேயும் ஆங்கிலப் பேரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். சமஸ்கிருதத்தின் ‘பார’மும் அதே வீட்டுப் பிள்ளை. நாம் ‘மனசு பாரமாயிருக்கு’ என்று சொல்லும்போது வருவது அந்தப் பாரம்தான். ‘டாலரேட்’ இன்னொரு வேரைச் சேர்ந்தது; தூக்கு, தாங்கு என்பது அதன் பழம்பொருள். தராசைக் குறிக்கும் ‘துலா’ அதற்கு உறவு. ராசிக்கட்டத்தில் இருக்கும் துலாமும் ஆங்கிலேயரின் டாலரன்ஸும் தூரத்துச் சொந்தங்கள்.

நீங்கள் வகுப்பில் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு வருகிறது. அந்த மொழிகளோடு எந்த ரத்த உறவும் இல்லாத தமிழ், தனியாக நடந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘பொறை’ என்றால் சுமை. ‘பொறை’ என்றால் பொறுமையும்கூட. வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தைத் தொடங்குவதே, தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கி நிற்கும் நிலத்தைக் காட்டித்தான். தாங்குகிறவருக்குத் தருவது ‘பொறுப்பு’. பிறர் வாழ்வதைத் தாங்க முடியாவிட்டால் ‘பொறாமை’. ஆங்கிலத்தில் ‘என்வி’ என்றால் லத்தீன் வழியில் ‘கெட்ட பார்வை பார்ப்பது’. நம் சொல் கண்ணைத் தாண்டி உள்ளே போய், பொறாமைக்காரர் தூக்க முடியாமல் தவிக்கும் சுமையையே காட்டுகிறது. எனக்கு இரண்டில் நம்முடையதுதான் கூர்மையாகத் தெரிகிறது.

கேள்வி: பெண்களின் வாக்குரிமையை ‘சஃப்ரேஜ்’ என்கிறார்கள். அவர்கள் பட்ட துன்பத்தால் வந்த பெயரா?

பதில்: இல்லை. துன்பம் உண்மை, உறவு பொய். அது வாக்கைக் குறிக்கும் ‘சஃப்ராஜியம்’ என்ற வேறொரு லத்தீன் சொல். 1906-இல் ஒரு லண்டன் நாளிதழ் அந்தப் போராளிகளைக் கேலி செய்யவே ‘சஃப்ரஜெட்’ என்று அழைத்தது. அந்தப் பெண்கள் அந்தப் பெயரையே எடுத்துச் சூடிக்கொண்டார்கள்.

கேள்வி: குத்தகை முடிந்த பிறகும் காலி செய்யாதவரை ‘டெனன்ட் அட் சஃபரன்ஸ்’ என்கிறார் வழக்கறிஞர். இதில் துன்பப்படுவது யார்?

பதில்: வீட்டுக்காரர் என்று சொல்லத் தோன்றும்! ஆனால் இங்கே ‘சஃபர்’ பழைய பொருளில் நிற்கிறது: தடுக்காமல் விட்டுவைப்பது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், சிறு பிள்ளைகளை வரவிடுங்கள் என்று இயேசு சொல்லுமிடத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். பிள்ளைகள் துன்பப்பட வேண்டும் என்று பொருள் கொண்டு திகைத்தவர்கள் உண்டு. குடித்தனக்காரர் முறையாக உள்ளே வந்தார், காலம் முடிந்தும் இருக்கிறார், உரிமையாளர் சம்மதிக்கவும் இல்லை, இன்னும் வெளியேற்றவும் இல்லை. அந்த இடைநிலைக்குத்தான் இந்தப் பெயர்.

கேள்வி: பல்வலிக்கு எந்தச் சொல்? அவசரம்.

பதில்: ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங்’. சிலுவையைக் குறிக்கும் ‘க்ரக்ஸ்’ அதற்குள் இருக்கிறது. சிலுவையில் அறைந்தாற்போன்ற வலி. மருத்துவரிடம் இந்தச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள். முதலில் கிளம்புங்கள்.

கேள்வி: மிலன் குந்தேராவின் நாவல் தலைப்பில் ‘அன்பேரபிள்’ வருகிறது. ஆனால் தாங்க முடியாதது கனம் அல்ல, லேசு என்கிறாரே?

பதில்: தலைப்பின் அழகே அந்த முரண். 1984-இல் ஆங்கிலத்தில் வந்த அந்த நாவல், ஒரு முறை மட்டுமே நடப்பது நடக்காததற்குச் சமமா என்று கேட்கிறது. திரும்ப வராத வாழ்க்கைக்கு எடையே இல்லை என்றால், நாம் எடுத்த முடிவுகளுக்கும் எடையில்லை. அந்த வெறுமையைச் சுமப்பது கல்லைச் சுமப்பதைவிடக் கடினம். மூலமான செக் மொழியிலும் அந்தத் தலைப்புச் சொல் ‘சுமத்தல்’ என்ற வினையிலிருந்தே பிறந்தது. பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போய்விட்ட வீட்டில், செய்ய வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள். குந்தேராவைப் படிக்காமலே விளக்குவார்கள்.

கேள்வி: என் மேலதிகாரி உண்மையிலேயே ‘இன்சஃபரபிள்’. புகார்க் கடிதத்தில் அப்படியே எழுதலாமா? (ஓசூர்)

பதில்: வேண்டாம். அது அவர் குணத்தைப் பற்றிய உங்கள் கருத்து. விசாரிக்கிறவருக்குக் கையில் பிடிக்க எதுவும் இருக்காது. என்ன தேதி, என்ன சொன்னார், யார் உடனிருந்தார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் அந்தச் செயலை மட்டும் ‘இன்டாலரபிள்’ என்று சொல்லலாம். ‘இன்சஃபரபிள்’ஐ வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் உடனே ஒப்புக்கொள்வார்.

கேள்வி: பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை ‘டாலரபிள்’ என்றாராம். எதிர்ச்சொல் இவ்வளவு மோசமென்றால், இது பாராட்டுதானே?

பதில்: பாராட்டே அல்ல. ‘டாலரபிள்’ என்றால் நம்மூர் ‘சுமார்’. 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் நாவலில் டார்சி முதல் நடன விருந்தில் எலிசபெத்தைப் பற்றிச் சொன்னது இந்தச் சொல்தான். அது அவள் காதில் விழுந்தது. அந்தச் சொல்லில் தொடங்கிய வெறுப்பால் நாவலில் பாதி தூரம் அவர் அவதிப்பட்டு, முதல்முறை மணம் பேசியபோது மறுப்பும் வாங்கினார். உங்கள் வீட்டுப் பெண்ணும் எலிசபெத்தைப் போலச் செய்யட்டும்.