ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்துட்டா...

"நல்லா இருக்கு தம்பி. இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்துட்டா எங்கேயோ போயிடும்."

இதைச் சொல்லும்போது அண்ணன் இன்னும் ஆட்டத்தைத் திறக்கவில்லை. போன் கையில் இருக்கிறது, மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருக்கிறது. கருத்து மட்டும் தயார்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. வேப்பூருக்கு வாய்த்தவர் கூட்ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் என்பதால், நான்கு திசையிலிருந்தும் ஆள் வந்து மாட்டும். டீ மாஸ்டரிடம் சுக்கு சேர்க்கச் சொல்வார். அச்சுக்குப் போகிற கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு தாய்மாமன் பெயரைச் சேர்க்கச் சொல்வார். ஒரு வீட்டில் சேர்த்தார்கள். அந்த மாமா கல்யாணத்துக்கு வரவில்லை, அது வேறு கதை. கடைக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் எடுக்க விருத்தாசலம் போனவர், அங்கே அகல் விளக்கு செய்கிறவரைப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு லட்சுமி, ரெண்டு பக்கமும் யானை, அவ்வளவுதான்" என்றாராம். விளக்குக்காரர் நிதானமாகக் கேட்டாராம்: "எண்ணெய் எங்கண்ணே ஊத்துறது?"

நான் செய்தது சின்னப் புதிர் ஆட்டம். 48 மணி நேரத்துக்குள் யோசித்து, வரைந்து, நிரல் எழுதி, ஒலி சேர்த்து முடிக்க வேண்டிய ஒரு போட்டிக்காகச் செய்தது. வெள்ளைத் திரை. வட்டம் என்றால் களிமண் குழி, முக்கோணம் என்றால் சூளை, சதுரம் என்றால் கடை. விரலால் கோடு இழுத்து மூன்றையும் இணைத்தால், மண் சூளைக்குப் போகும், பொம்மை கடைக்குப் போகும். கைவசம் நான்கே கோடுகள். குழியும் கடையும் முளைத்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு கடை சரக்குக்காக ரொம்ப நேரம் காத்திருந்தால் ஆட்டம் முடிந்தது. திரையில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. குறைவாக வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் நோக்கமே என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

"வட்டம்னா குழின்னு எப்படிய்யா தெரியும்? ஒரு ஜேசிபி சேர்த்துடு."

"வேணாம்ண்ணே."

"ஜேசிபி இருந்தா டிரைவர் வேணும். டிரைவருக்கு மீசை வெச்சிடு. ஆளு யாருன்னு தெரியணும்ல."

மீசை வந்த பிறகு மீசைக்காரருக்கு ஒரு ஊர் வேண்டியிருந்தது. ஊர் வந்தால் கோயில், கோயில் வந்தால் திருவிழா, திருவிழா வந்தால் பாட்டு. பாட்டு எங்கே வரும் என்று கேட்டேன். "கோடு இழுக்கும்போது" என்றார். ஒரு கோடு இழுக்க அரை விநாடி ஆகும். சூளைக்காரருக்குக் கடைக்காரர் மகள்மேல் ஒரு கண் என்று வைத்தால் குடும்பத்தோடு விளையாடுவார்கள் என்றார். டீ ஆறுவதற்குள் நான்கு வடிவங்கள்கூட இல்லாத என் ஆட்டத்தில் ஒரு மெகா சீரியலுக்கான ஆட்கள் குடியேறிவிட்டார்கள்.

எல்லாமே இப்படி இருந்தால் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். நடுவில் ஒன்று சொன்னார்: "வெள்ளிக்கிழமை நம்மூர் ஆட்டுச் சந்தை இல்ல? அன்னிக்கு ஆடு வந்து கோட்டை மறிக்கணும்." பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் வேப்பூர்ச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நல்ல யோசனை என்று. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். போட்டிக் கெடு முடிந்துவிட்டது. இந்த மாதிரிப் போட்டிகளில் கெடு தாண்டினால் ஆட்டத்தை முடக்கும் பிழையைத் திருத்தலாம், புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது.

"வெந்து வெளிய வந்த பிள்ளையாருக்குத் தும்பிக்கையை அந்தப் பக்கம் திருப்பச் சொல்றீங்கண்ணே" என்றேன்.

"வெந்த பொம்மைக்கும் பெயிண்ட் அடிக்கிறாங்களே?" என்றார்.

வேறு வழியில்லாமல் மினி மெட்ரோ என்ற ஆட்டத்தைக் காட்டினேன். நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கரி, ராபர்ட் கரி என்ற சகோதரர்கள் 2013 ஏப்ரலில் 26ஆவது லூடம் டேர் போட்டிக்காக, வார இறுதிக்குள் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். அந்தப் போட்டிக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பே மினிமலிசம். அப்போது அதன் பெயர் மைண்ட் த கேப். பிறகு பொறுமையாக வளர்த்து 2015 நவம்பரில் முழு ஆட்டமாக வெளியிட்டார்கள். நிலையங்கள் பெரும்பாலும் வெறும் வட்டம், முக்கோணம், சதுரம். பயணிகளும் அதே வடிவங்கள்தான். முக்கோணப் பயணி முக்கோண நிலையத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை. வாரக் கடைசியில் ஒரு ரயில் எஞ்சின் கிடைக்கும். கூடவே பெட்டியா, சுரங்கமா, இன்னொரு தடமா என்று ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் சமாளித்துக் காட்டியவனுக்குத்தான் சேர்க்கும் உரிமை என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அண்ணனுக்கு இதை விளக்கினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் திரையை உற்றுப் பார்த்தார்.

"ரயிலுக்கு ஜன்னல் இல்லையே தம்பி?"

இந்த ஆட்டத்துக்கெல்லாம் பாட்டன் லண்டன் சுரங்க ரயில் வரைபடம். ஹாரி பெக் என்ற வரைவாளர் அதை 1931இல் வரைந்து கொடுத்தபோது, ரொம்பப் புரட்சியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933இல் அச்சானது. நிஜ தூரம் இல்லை, நிஜ வளைவு இல்லை, தெருக்கள் இல்லை. நேர்க்கோடும் சாய்கோடும் மட்டும். தரைமேல் இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிய பெக், தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். அவர் பக்கத்தில் நம் அண்ணன் உட்கார்ந்திருந்தால் டவர் பிரிட்ஜும், அதன்மேல் ஒரு போலீஸ்காரரும், அவருக்கு மீசையும் வந்திருக்கும்.

ஆனால் அண்ணன் தரப்புக்கும் லண்டனிலேயே ஒரு சாட்சி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2009 செப்டம்பரில் இன்னும் எளிமையாக்குகிறோம் என்று அந்த நதியையும் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள். ஊரே கொதித்தது. மேயர் போரிஸ் ஜான்சனே கடுப்பானார். அந்த வருடம் முடிவதற்குள் தேம்ஸ் திரும்பி வந்துவிட்டது. ஒரு நீலக் கோட்டால் ரயிலுக்கு ஒரு பயனும் இல்லைதான். நாம் ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் மனிதர்களால் இருக்க முடியவில்லை. அப்படிச் சேர்க்கச் சொன்னவர்கள் அந்த வரைபடத்தைத் தினமும் கையில் வைத்துப் பயன்படுத்தியவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

போட்டியில் மற்ற ஊர்க்காரர்கள் எழுதிய கருத்துகளும் அந்த ரகம். இந்தப் போட்டி உலகத்தில் கொடுத்து வாங்குவதுதான் முறை. நீங்கள் நாலு பேர் ஆட்டத்தை ஆடி மதிப்பெண் போட்டால்தான் உங்கள் ஆட்டம் நாலு பேர் கண்ணில் படும். அதனால் முகம் தெரியாதவர்கள் நிஜமாகவே ஆடுகிறார்கள். "போட்ட கோட்டை அழிப்பது எப்படி என்று தெரியவில்லை." "நான் ஏன் தோற்றேன் என்று புரியவில்லை." "சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும்." ஒற்றை வரிகள். சில வலிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஆடித் தோற்றவரின் வாயிலிருந்து வருவது. வலிக்கிற இடத்தை அவர்கள் சரியாகத் தொடுவார்கள். மருந்து சொன்னால் மட்டும் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனை ஒரு நாள் ஆட வைத்தேன். மின்வெட்டு, கடையில் ஆள் இல்லை, தப்பிக்க வழியில்லை. அன்றைக்கு அவர் வாயைக் கவனிக்காமல் விரலைக் கவனித்தேன். எல்லோரும் குழியிலிருந்து சூளை, சூளையிலிருந்து கடை என்று இழுப்பார்கள். அண்ணனின் விரல் ஒவ்வொரு தடவையும் கடையில் ஆரம்பித்தது. கோடு விழவில்லை. மறுபடியும் கடையிலிருந்தே இழுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"கடையில சரக்கு தீந்தாதானய்யா சூளைக்குப் போன் போடுவோம்? மண்ணுலேர்ந்தா எவனாவது வியாபாரம் ஆரம்பிப்பான்?"

அவர் அதுவரை சொன்ன அத்தனையிலும் இதுதான் உருப்படி, இதை அவர் கருத்தாகச் சொல்லவும் இல்லை. போட்டி முடிவு வந்த பிறகு, கோட்டை எந்த முனையிலிருந்து இழுத்தாலும் விழும்படி மாற்றிவிட்டேன். கடைக்காரர்கள் கடையிலிருந்து இழுக்கிறார்கள், மற்றவர்கள் மண்ணிலிருந்து. நான் சேர்த்தது அது ஒன்றுதான். அண்ணன் இன்றுவரை அதைக் கவனிக்கவில்லை. ஜேசிபி எங்கே என்றுதான் கேட்கிறார்.

அதே அண்ணன், "நம்ம தம்பி செஞ்சது, எல்லாரும் விளையாடுங்க" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஆட்டத்தை அனுப்பி வைத்திருக்கிறார். கீழே பதினாறு கைகூப்புகள், ஒரு பிறந்தநாள் வாழ்த்து. யாரும் ஆடவில்லை. ஒரு சித்தப்பா மட்டும் பதில் போட்டிருந்தார்: "சூப்பர். ஒரு லோகோ சேர்த்தால் நன்றாக இருக்கும்."

இதற்குமேல் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரண்டு நாள் தூங்காமல் ஒருவர் ஒன்றைச் செய்து உங்கள் கையில் கொடுக்கிறார் என்றால், அவருக்கு யோசனைப் பஞ்சம் என்று அர்த்தமில்லை. சேர்க்க நினைத்த நூறை அவர் ஏற்கெனவே மனசில்லாமல் வெட்டிப் போட்டிருப்பார். அவர் எதிர்பார்ப்பது உங்கள் ஐந்து நிமிடம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், வருகிற போனை எடுக்காதீர்கள், தோற்கிறவரை ஆடுங்கள். எந்த இடத்தில் தோற்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஜேசிபியைப் பற்றி அப்புறம் பேசலாம்.